இருப்புக் குறைவு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் எங்களுக்கு அளவுகள் புதியனவல்ல. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் எத்தனை தொன் சுமந்து வந்தது என்பதற்குக் கணக்குண்டு. சீனக்குடாவின் மா ஆலையில் எவ்வளவு கோதுமை இறங்கியது, எத்தனை மூடை மா வெளியேறியது என்பதற்குக் கணக்குண்டு. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99 என்பதை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். கடலின் ஆழத்தையே பாகம் பாகமாக அளந்து படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். இத்தனை அளவுகளுக்கு நடுவே, ஒரு பானைக் கஞ்சியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடாது தொடர்கின்றது.

2023ஆம் ஆண்டின் தொடக்கம் அது. எங்கள் பாடசாலையின் பொருளியல் ஆசிரியர் வெளிநாடு சென்றுவிட்டார். வெற்றிடம் நிரப்பப்படவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பாடமின்றி இருக்கலாகாதே என்று தமிழாசிரியனாகிய நான் அந்த வகுப்புக்குப் போனேன். படித்துக்கொண்டு போய்க் கற்பிப்பதும், கற்பித்துக்கொண்டே படிப்பதுமாகச் சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் தேசியக் கணக்கீடு என்னும் பாடம். கரும்பலகையில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அட்டவணையை எழுதினேன். விவசாயம், கைத்தொழில், சேவைகள். குடும்பங்களின் நுகர்வு, அரசின் செலவு, முதலீடு, ஏற்றுமதி, இறக்குமதி. எழுதி முடித்துத் திரும்பியபோது பின் வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். கடற்றொழிலாளி ஒருவரின் மகன்.

“சேர், போன வருஷம் எங்கட அம்மாவையள் காய்ச்சின கஞ்சி இதில எந்த நிரலுக்குள்ள வரும்?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என்னிடம் விடையும் இல்லை.

அவன் குறிப்பிட்ட கஞ்சியை நானும் குடித்திருக்கிறேன். 2022 ஏப்ரல் 12இல் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் முந்திய ஆண்டினும் 90 வீதத்தைத் தாண்டிற்று. மண்ணெண்ணெய் இல்லை, வள்ளங்கள் கரையில் கிடந்தன. காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் இறைவணக்கத்தின்போது மயங்கி விழுந்தனர். அப்பொழுதுதான் கடலோரக் குறிச்சியொன்றின் தாய்மார் பன்னிருவர் கூடி, மாதர் சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் அடுப்பு மூட்டினர். ஓகஸ்ட் தொடக்கம் ஏறத்தாழ இருபது வாரங்கள், பாடசாலை நாள் ஒவ்வொன்றிலும் கஞ்சி காய்ச்சினர். அரிசியை ஒருவர் தந்தார், தேங்காயை இன்னொருவர் தந்தார், வாடிய இலைக்கறியைச் சந்தை வியாபாரிகள் தந்தனர். தந்தவர்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர், சிங்களவரும் இருந்தனர். பசிக்கு மூன்று மொழியும் தெரியும்.

விடையைத் தேடி நான் நூல்களைப் புரட்டியபோது, அக்கேள்வி எனக்குப் புதியதன்று என்பது மெல்ல மெல்ல விளங்கிற்று. அது எங்கள் வீட்டுக்குள் ஏற்கனவே வந்து போன கேள்வி.

என் தந்தையார் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கிளைக் கடையில் முகாமையாளராக இருந்தவர். இலங்கையின் கூட்டுறவு வரலாறு 1911ஆம் ஆண்டின் கடன் சங்கச் சட்டத்தோடு தொடங்குகிறது. போர்க்காலப் பங்கீட்டுக்காக 1942 முதல் ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. 1957இல் பிலிப் குணவர்த்தன அமைச்சராக இருந்தபோது பலநோக்குச் சங்கங்கள் பிறந்தன. எங்கள் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் இச்சங்கங்களுக்கு இன்னொரு பணியும் வாய்த்தது. போரினால் இடம்பெயர்ந்த மக்களுக்கான உலர் உணவு நிவாரணம் இக்கடைகளின் வாயிலாகவே பங்கிடப்பட்டது. என் இளமைக் காலத்தின் பெரும்பகுதி தந்தையாரின் தராசுக்கும் மக்களின் வரிசைக்கும் இடையில் கழிந்தது.

2004 டிசெம்பர் 26. எனக்கு அப்போது பதினான்கு வயது. ஆழிப்பேரலை எங்கள் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிண்ணியாவின் மருத்துவமனையையே அது அழித்தது. அன்று மத்தியானம், உடுத்த துணியோடு மேட்டுக்கு ஓடிவந்த சனங்கள் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் பாடசாலையிலும் நிரம்பியிருந்தனர். கடை அலைக்குத் தப்பியிருந்தது. தந்தையார் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். பூட்டைத் திறந்தார். அரிசி, சீனி, பருப்பு, பால்மா, மெழுகுதிரி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். பற்றுச்சீட்டு எழுத நேரமில்லை. எழுதினாலும் கையொப்பமிட எவரிடமும் நெஞ்சுரம் இல்லை. இரண்டு நாளில் இறாக்கைகள் வெறுமையாயின.

மாதங்கள் சில கழித்துக் கணக்காய்வாளர் வந்தார். இருப்பை எண்ணினார், புத்தகத்தோடு ஒப்பிட்டார். வேறுபாட்டைச் சிவப்பு மையில் எழுதினார்: “இருப்புக் குறைவு.” அந்தத் தொகை தந்தையாரின் சம்பளத்திலிருந்து தவணை தவணையாக அறவிடப்பட்டது. கணக்காய்வாளர் கெட்ட மனிதரல்லர். எங்கள் வீட்டில் தேநீர் குடித்து, தலையைக் குனிந்துகொண்டே போனார். அவருடைய படிவத்தில் “விற்றது” என்றொரு நிரல் இருந்தது. “பழுதடைந்தது” என்றொரு நிரல் இருந்தது. “கொடுத்தது” என்றொரு நிரல் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

ஒரு கிளைக் கடையின் ஐந்தொகையில் நேர்ந்தது, ஒரு நாட்டின் ஐந்தொகையிலும் நேர்கிறது என்பதே நான் கற்றுக்கொண்ட பொருளியல்.

நாட்டு வருமானத்தை அளக்கும் கலை மிகப் பழையதன்று. பெருமந்தக் காலத்தில், 1934இல், சைமன் குஸ்நெட்ஸ் என்னும் அறிஞர் அமெரிக்க மூதவைக்கு முதற் கணக்கைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, இந்த எண்ணைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கவும் செய்தார். இரண்டாம் உலகப் போரின் நடுவே பிரித்தானியாவுக்கு ஒரு கணக்கை வகுத்த ரிச்சர்ட் ஸ்டோன் என்பாரின் வழிகாட்டலில், 1953இல் ஐக்கிய நாடுகள் சபை தேசியக் கணக்கு முறையை வெளியிட்டது. உலக நாடுகளுள் பெரும்பாலானவை இன்று அம்முறையின் திருத்தங்களையே பின்பற்றுகின்றன. எண்ணை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

இலாப நோக்கற்ற நிறுவனங்களை இம்முறை எவ்வாறு நடத்துகிறது என்பதைப் பார்ப்போம். விலைக்குப் பொருளோ சேவையோ விற்று, அவ்விற்பனையாலே பெரும்பாலும் நிலைத்து நிற்கும் சங்கத்தைக் கம்பனிகளின் கூட்டத்திலே சேர்த்துவிடுகிறது. அரசின் கட்டுப்பாட்டில் இயங்குவதை அரசோடு சேர்த்துவிடுகிறது. இரண்டிலும் சேராமல் எஞ்சி நிற்பவற்றுக்கு மட்டுமே “குடும்பங்களுக்குச் சேவையாற்றும் இலாப நோக்கற்ற நிறுவனங்கள்” என்று தனிப்பெயர். அந்த எஞ்சிய சிறு கூட்டத்தையும் பல நாடுகள் குடும்பங்களின் செலவோடு கலந்தே காட்டுகின்றன. ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மூன்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இக்குடும்பத்துக்குப் பிள்ளைகளே இல்லை என்று சொல்வது போன்றது இது.

இதனினும் நுட்பமானது இன்னொரு விதி. இலவசமாகக் கொடுக்கப்படும் சேவைக்குச் சந்தை விலை இல்லை. ஆகவே அதன் பெறுமதியை அதற்கான செலவைக் கொண்டே மதிக்கிறார்கள். வாங்கிய பொருள், கொடுத்த சம்பளம், கட்டடத்தின் தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டினால் வருவதே அதன் உற்பத்தி. அதிலிருந்து வாங்கிய பொருளின் விலையைக் கழித்தால் வருவது, அந்நிறுவனம் நாட்டு வருமானத்துக்குச் சேர்த்த பெறுமதி. அஃதாவது, பெரும்பாலும் சம்பளம். சம்பளம் பெருத்தால் பங்களிப்புப் பெருக்கும். சம்பளமே இல்லாவிடின்? பூச்சியம்.

என் மாணவனுக்கு விடை கிடைத்துவிட்டது. அவனுடைய தாயார் இருபது வாரம் காய்ச்சிய கஞ்சி நாட்டு வருமானத்துக்குச் சேர்த்தது பூச்சியம். அவ்வாண்டில் இலங்கையின் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது என்று எழுதி வைத்தவர்களின் ஏட்டில், அச்சுருக்கத்தைத் தம் தோளால் தாங்கி நின்ற பெண்களின் உழைப்புக்கு ஒரு சதமும் மதிப்பில்லை.

இந்த விதியின் மறுபக்கத்தையும் எங்கள் மாவட்டம் கண்டிருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின்னர், கொடியும் சின்னமும் தாங்கிய வாகனங்கள் துறைமுக வீதிகளில் வரிசையாக வந்தன. அவர்களில் உண்மையாக உழைத்தவர் பலர். அவர்களை நான் குறை கூறேன். ஆயினும் எங்கள் கடலின் குணமறியாது செய்த இலேசான வள்ளங்களைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அவை ஒரு வாடைக் காற்றுக்குத் தாங்காமல் வெடித்து, பின்னர் கோழிக்கூடாகக் கவிழ்ந்து கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். அவ்வள்ளத்தின் விலையும், அதைப் பரிந்துரைத்த நிபுணரின் சம்பளமும், அவர் தங்கிய விடுதியின் வாடகையும், அவர் ஏறிய வாகனத்தின் எரிபொருளும் நாட்டுச் செலவுக் கணக்கில் ஏறின. வாகனங்கள் வருமுன், முதல் இரண்டு நாள்களில், தோண்டிப் பிணமெடுத்தவரின் உழைப்பும், சோறாக்கிப் போட்டவரின் உழைப்பும், தந்தையார் திறந்த கதவும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. உதவி எவ்வளவு விலையுயர்ந்ததோ அவ்வளவு பெரிதாகத் தெரிவதும், எவ்வளவு அருகிலிருந்து வந்ததோ அவ்வளவு மறைந்துபோவதுமான கணக்கு இது.

சம்பளம் பெற்று உழைத்த தொண்டர்களுக்கேனும் இக்கணக்கு நீதி செய்ததோ? 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பசியை எதிர்த்துப் பணியாற்றும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரில் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். எங்கள் மாவட்டத்துக்குக் குடிநீரும் சுகாதாரமும் தேடித் தந்த பிள்ளைகள் அவர்கள். அக்கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை. தேசியக் கணக்கின் மொழியில் அது 17 சம்பளங்களின் நிறுத்தம். அதற்குமேல் அம்மொழிக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஒரு மொழியின் அகராதியில் எந்தச் சொற்கள் இல்லை என்று பார்த்தாலே, அதைப் பேசுவோர் எதைக் காண மறுக்கிறார்கள் என்பது விளங்கும். தமிழ் படித்த எனக்கு இது புதிய பாடமன்று.

இக்குறையை உலக அறிஞர்கள் உணராமலில்லை. 1988இல் நியூசிலாந்தின் மரிலின் வோறிங், பெண்களின் கூலியற்ற உழைப்பைத் தேசியக் கணக்கு எவ்வாறு அழித்துவிடுகிறது என்பதை ஒரு நூலாகவே எழுதினார். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் சலமன் என்பார் 1990களில் நாடு நாடாக இந்நிறுவனங்களின் வரவு செலவை அளக்கத் தொடங்கினார். 35 நாடுகளை ஆராய்ந்தபோது கண்ட உண்மை பலருக்கு வியப்பளித்தது. இந்நிறுவனங்கள் செல்வரின் கொடையால் வாழ்வன என்றே உலகம் நம்பியிருந்தது. ஆனால் அவற்றின் வருவாயில் பாதிக்கு மேற்பட்டது கட்டணத்தாலும் விற்பனையாலும் வந்தது. மூன்றில் ஒரு பங்களவு அரசிடமிருந்து வந்தது. கொடையாக வந்தது எட்டில் ஒரு பங்களவே. தருமவான்களின் பெருமை எத்தகையது என்பதை இவ்வெண்கள் சொல்லும். இந்த ஆய்வுகளின் பயனாக ஐக்கிய நாடுகள் சபை 2003இல் ஒரு கைந்நூலை வெளியிட்டது. மூன்று வீடுகளுக்குப் பிரிந்த பிள்ளைகளை ஒரு துணைக் கணக்கில் மீண்டும் ஒன்று சேர்க்கவும், தொண்டர்களின் கூலியற்ற உழைப்புக்கு ஒரு பெறுமதி இடவும் அது வழி கூறியது. 2018இல் வந்த அதன் திருத்தம் கூட்டுறவு போன்ற அமைப்புகளையும் அணைத்துக்கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் தாபனமும் 2011இல் தொண்டுழைப்பை அளப்பதற்கு ஒரு வழிநூல் வகுத்தது.

அண்டை நாடான இந்தியா இதனை முயன்று பார்த்தது. அதன் புள்ளிவிபர அமைப்பு தேடியபோது, பதிவேடுகளில் 31 இலட்சத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. முகவரி தேடிப் போனபோது அவற்றில் பெரும்பாலானவை காணக் கிடைக்கவில்லை. பதிவேட்டில் இருந்து பூமியில் இல்லாத சங்கங்கள் அங்கே. பூமியில் இருந்து பதிவேட்டில் இல்லாத கஞ்சி இங்கே. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரந்தானே, எண்ணினாலென்ன எண்ணாவிட்டாலென்ன என்று கேட்போர் உளர். மத்திய வங்கி மாகாண வாரியாக உற்பத்திக் கணக்கை வெளியிடுகிறது. மேல் மாகாணம் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. எங்கள் கிழக்கு மாகாணம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. இவ்வெண் வெறும் எண்ணாக நிற்பதில்லை. தெருவை எங்கே போடுவது, வைத்தியரை எங்கே அனுப்புவது, ஆசிரியர் வெற்றிடத்தை எப்போது நிரப்புவது என்று பேசுமிடங்களில் அது ஒரு தீர்ப்பாக மாறுகிறது. கிழக்கு வாங்குகின்ற மாகாணம், கொடுக்கின்ற மாகாணமன்று என்பதே அத்தீர்ப்பு. எண்ணப்படாதவன் பேசவும் அழைக்கப்படமாட்டான்.

ஆகவே நாங்களே எண்ணிப் பார்க்க முடிவு செய்தோம். உயர்தர வகுப்பு மாணவர் கஞ்சிக் கொட்டிலின் கொப்பியை வாங்கி வந்தனர். பன்னிரண்டு பெண்கள், நாளுக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், இருபது வாரம். 4,800 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பகுத்தால் 600 நாள். எந்தக் கூலியால் பெருக்குவது என்பதில் வகுப்பில் வாதம் நிகழ்ந்தது. ஹோட்டல் சமையற்காரரின் சம்பளத்தைக் கொள்ளவேண்டும் என்றான் ஒருவன். நாட்டிலேயே மிகக் கடுமையாக உழைத்து மிகக் குறைவாகப் பெறும் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளமான 1,000 ரூபாயைக் கொள்வோம், எவரும் மிகைப்படுத்தியதாகச் சொல்ல இயலாது என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதே வென்றது. ஆறு இலட்சம் ரூபாய். பூச்சியம் என்று எழுதப்பட்ட இடத்தில், மிகக் குறைந்த கூலியால் மதித்தாலும் ஆறு இலட்சம் இருந்தது. ஒரு குறிச்சியில், ஓர் அடுப்பில். நாடு முழுவதும் அவ்வாண்டு எத்தனை அடுப்புகள் எரிந்தன!

பிள்ளைகள் வெற்றிக் களிப்போடு அத்தாய்மாரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். கணக்கைக் கேட்ட மூத்தவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஆறு லட்சமோ? அதை ஆர் தரப்போறது, மாஸ்டர்?”

பின்பு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: “காசு கிடக்கட்டும். ஒண்டு மட்டும் எழுதி வையுங்கோ. காஸ் இல்லாத காலம். விறகு பொறுக்க விடியப்புறம் நாலு மணிக்குப் பத்தைக்குள்ள போனம். பாம்பு கடிச்சுச் செத்திருந்தா ஆர் கேட்டது?”

நாங்கள் தலைகுனிந்தோம். விறகு பொறுக்கிய நேரம் எங்கள் 4,800 மணிக்குள் இல்லை. எண்ணப்படாதவர்களுக்காக எண்ணப் புறப்பட்ட நாங்களும் அடுப்பிலிருந்தே எண்ணத் தொடங்கினோம்; காட்டிலிருந்து எண்ணவில்லை. உழைத்தவரைக் கேளாமல் உழைப்பை அளக்கப் புகுவோன், கணக்காய்வாளரின் படிவத்தையே வேறொரு மையினால் நிரப்புகிறான்.

இன்னோர் அபாயத்தையும் மறைக்கலாகாது. இவ்வெண்கள் எவர் கைக்குப் போகின்றன? எங்கள் மாகாணத்தில் பதிவு என்பது உதவியின் வாயில் மட்டுமன்று, கண்காணிப்பின் சாளரமுமாகும் என்பதை அனுபவம் உணர்த்தியிருக்கிறது. அதனினும் பெரிய அபாயம் வேறு. தாய்மார் இலவசமாகவே இத்தனை இலட்சத்துக்கு உழைக்கின்றனரே, அரசு எதற்காகப் பாடசாலை உணவுக்குச் செலவிடவேண்டும் என்று வாதிப்போர் தோன்றுவர். இந்த நாட்டில் அவ்வாதம் புதியதுமன்று. அரிசி மானியம் பெருஞ்சுமை என்று கணக்குக் காட்டி 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12இல் மக்கள் ஹர்த்தாலால் பதிலிறுத்தனர். பிரதமர் பதவி துறந்தார். ஆயினும் 1942இல் தொடங்கிய பங்கீட்டரிசி 1979இல் உணவு முத்திரையாகச் சுருங்கியே போயிற்று. மக்களுக்குக் கொடுப்பது செலவு, மக்கள் கொடுப்பது பூச்சியம் என்னும் கணக்கு எவருக்கு நன்மை செய்கிறது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஆதலின் நாம் கேட்பது தாய்மாரின் கஞ்சிக்கு ஒரு விலைச்சீட்டு அன்று. கொடுத்தது என்றொரு நிரல். அரசு செய்யத் தவறிய கடமையை எவர் தம் தோளில் ஏற்றார், எத்தனை மணி நேரம் ஏற்றார், அதற்காக எதை இழந்தார் என்று எழுதப்படும் ஒரு நிரல். அது பாராட்டுப் பத்திரமாகாது. அரசுக்கு எதிரே நீட்டப்படும் கடன் பத்திரமாகும். அதை எழுதுவதற்குப் புள்ளிவிபரத் திணைக்களம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பல பாடசாலைகளில் உயர்தர வகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு மரண உதவிச் சங்கமும் ஒரு மாதர் சங்கமும் ஒரு கடற்றொழிலாளர் சங்கமும் இருக்கின்றன. ஆசிரியரும் மாணவரும் ஒரு கொப்பியோடு புறப்பட்டால் போதும். காட்டிலிருந்து எண்ணத் தொடங்குதல் வேண்டும்.

எங்கள் கணக்கைத் தந்தையாரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிளைக் கடையின் பேரேட்டைப் பார்ப்பவர் போல, ஒவ்வொரு வரியாக வாசித்தார். பெருக்கலைச் சரிபார்த்தார். பின்பு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். இருப்புக் குறைவுக்காக அவர் செலுத்திய தவணைகளின் பற்றுச்சீட்டுகள் யாவும் நூலினால் கட்டப்பட்டு அதற்குள் இருந்தன. இவ்வளவு காலமும் இவற்றை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அண்டைக்கு அந்த அரிசி சனத்திட்டப் போனதுக்கு இருக்கிற ஒரே எழுத்துச் சாட்சி இதுதான், தம்பி” என்றார்.